எதிலும் வகுபடாத 16661

பிப்ரவரி 25, சனி

என் பெயர் பலவேசம். இதை எழுதியது நான்தான்.

பிப்ரவரி 26, ஞாயிறு

நேற்று எழுதியதைக் காலையில் எடுத்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது. ஒரு எழுத்துகூட ஓடிப்போகவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருந்தவன், "என்ன அண்ணாச்சி, கனவா?" என்றான். "இல்லடே, என் பேரு" என்றேன்.

நான் இருப்பது மத்திய சிறையின் மூன்றாம் பிளாக். ஆயுள் தண்டனை. சமையல் கொட்டடியில் வேலை. கஞ்சி காய்ச்சுவேன், குழம்பு வைப்பேன். காய் நறுக்குவது வேறு ஆள். பலவேசம் கையில் கத்தி கொடுக்கக் கூடாது என்று பழைய ஜெயிலர் சொல்லிவிட்டுப் போனார், இன்றுவரை அதுதான் நடக்கிறது. எனக்குத் துடுப்பு போதும். ஆள் உயரத் துடுப்பு, புளிய மரத்தில் செய்தது.

எழுத்துச் சொல்லித்தருகிறவர் ஜெபஸ்டின் வாத்தியார். நாகர்கோவில் பக்கம் டியூசன் நடத்தியவர். மச்சானைக் கம்பியால் ஓர் அடி அடித்தார், மச்சான் செத்துப்போனான். மெலிந்த ஆள். தேதி போட்டு நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு பக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாய்த்ததில்லை.

மார்ச் 1, புதன்

இன்று பெரிய எண்கள். என் சட்டையின் நெஞ்சில் தைத்திருக்கும் துணியில் 16661 என்று இருக்கிறது. அந்த நம்பரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், அவ்வளவுதான் தெரியும். அது பதினாறாயிரத்து அறுநூற்று அறுபத்தொன்றாம். இவ்வளவு பெரிய எண்ணை நெஞ்சில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் உருளைக்கிழங்கு உரித்தேன்!

முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் அதேதான் வருகிறது. வாத்தியாரின் எண் 19991. அதுவும் அப்படித்தான். "நாம ரெண்டு பேரும் ஒரே சாதி" என்றேன். வாத்தியார் சிரித்தார்.

மார்ச் 4, சனி

துணி துவைக்கும் நாள். இங்கே சட்டையைத் தலைகீழாகத்தான் கொடியில் போட வேண்டும். பையில் பிளேடு இருந்தால் கீழே விழட்டும் என்று வைத்த சட்டம்.

இன்று அருளப்பனின் சட்டையில் பொட்டு.

பொட்டு என்றால் என்ன என்று எழுதிவைக்கிறேன். எங்கள் பிளாக்குக்குக் கொம்பையாதான் பெரிய ஆள். யாரை அடிப்பதென்று அவன் முடிவு செய்கிறானோ, அவனுடைய சட்டை கொடியில் காயும்போது நம்பர் துணியில் பீடியால் ஓர் ஓட்டை போடுவார்கள். அதுதான் பொட்டு. அதன்பின் அந்த ஆளோடு யாரும் பேசமாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் அடி விழும். வைத்த பொட்டை எடுக்கிற வழக்கமில்லை. எடுத்தால் கொம்பையாவை எவனும் மதிக்கமாட்டான். பொட்டு வைக்காமல் அடிக்கிற வழக்கமும் இல்லை. அதனால்தான் மற்ற எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

மார்ச் 6, திங்கள்

'ரத்தம்' என்று எழுதக் கற்றுக்கொண்டேன்.

காலையில் குளிக்கும் தொட்டியில் அருளப்பனைத் தளவாய் குத்தினான். தளவாய் கொம்பையாவின் கையாள். ஸ்பூன் காம்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கியிருந்தான். முதல் குத்து கன்னத்தில் நுழைந்து காதுப் பக்கம் வந்தது. அடுத்ததெல்லாம் வயிற்றில். அருளப்பன் குடலைத் தன் கையாலேயே ஏந்திக்கொண்டு தொட்டிச் சுவரில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனால் அதை யாருக்கும் கொடுக்க முடியாது.

தொட்டியைக் கழுவச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் வாத்தியாரிடம் அந்த வார்த்தையைக் கேட்டேன். அவர் எழுதிக் காட்டியது கோணலாக வந்தது. என் எழுத்து அவருடையதைவிட நேராக வந்தது.

மார்ச் 8, புதன்

அருளப்பன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். விசாரணை வைத்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லாரும் ஒன்றையே சொன்னோம்: முகத்தில் சோப்பு, கண் தெரியவில்லை. வாத்தியார் மட்டும் தளவாய் என்று சொல்லியிருக்கிறார். ஒரே சாட்சி போதாதென்று தளவாயை விட்டுவிட்டார்கள்.

"வாத்தியாரே, உங்களுக்கு சோப்பு கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"பொய் சொல்ல வரலை, அண்ணாச்சி."

"மச்சானை அடிக்க மட்டும் வந்துச்சுல்லா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேறு ஜெயிலுக்கு மாற்றக் கேட்டிருக்கிறாராம். அதுவரை தனி அறை கேட்டாராம், இடமில்லை என்றார்களாம்.

மார்ச் 9, வியாழன்

இன்று படித்ததை எழுதாமல் தூங்க முடியாது.

சில எண்கள் மீதியில்லாமல் பங்காகிவிடும். சிலவற்றை ஒன்றைத் தவிர, அதே எண்ணைத் தவிர, வேறு எதாலும் வகுக்க முடியாது. எதை வைத்து வகுத்தாலும் மீதி நிற்கும். அதற்குப் பகா எண் என்று பெயர். 7, 11, 13 எல்லாம் அந்த வகை.

"என் 16661 எந்த வகை?" என்றேன்.

"தெரியலையே. வகுத்துத்தான் பாக்கணும். பகா எண்களா எடுத்து வகுத்தாப் போதும். 127 வரை போங்க."

"அதுக்கு மேல இருக்கதெல்லாம்?"

"பெரிய எண் ஒண்ணு வகுத்தா, கூடவே ஒரு சின்ன எண்ணும் வகுக்கும். ரெண்டையும் பெருக்கினாத்தான் 16661 வரும். 127-க்கு அடுத்த பகா எண் 131. 131-ஐ 131-ஆல பெருக்கினாலே 16661-ஐத் தாண்டிரும். அதனால ரெண்டுல ஒண்ணாவது சின்னதா இருந்தாகணும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெரிய ரவுடி வந்தால் கூடவே ஒரு சின்ன ரவுடியும் வருவான். சின்னவன் ஒருவன்கூட இல்லையென்றால் பெரியவனும் இல்லை. இதைச் சொன்னதும் வாத்தியார், "இருபது வருஷம் பாடம் எடுத்திருக்கேன், இப்படி எவனும் சொன்னதில்லை" என்றார்.

அடுப்புக் கரியால் கொட்டடித் தரையில் ஆரம்பித்துவிட்டேன். 2-இல் போகாது, ஒற்றைப்படை. 3-இல் மீதி 2. 5-இல் போகாது, கடைசியில் 1 நிற்கிறது. 7-இல் மீதி 1. ஒன்றே ஒன்றில் தப்பியது!

மார்ச் 11, சனி

19, மீதி 17. 23, மீதி 9. 29, மீதி 15. இன்று புளிக்குழம்பு. யாருக்கும் பொட்டு இல்லை.

மார்ச் 14, செவ்வாய்

73 வரை வந்துவிட்டேன். வாத்தியார் தரையில் கரிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "அண்ணாச்சி, உங்களைப் பார்த்தா கொம்பையாவே ஒதுங்கி நிக்கானே, வெளியில எத்தனை கொலை?" என்று கேட்டார்.

"அப்போ எனக்கு எண்ணத் தெரியாதே, வாத்தியாரே" என்றேன்.

அதன்பின் அவர் தலை நிமிரவில்லை. 71-இல் ஒரு தப்பு கண்டுபிடித்தார். மீதி 47 வர வேண்டும், நான் 37 என்று போட்டிருந்தேன்.

மார்ச் 15, புதன்

127. மீதி 24.

முடிந்தது. எதிலும் போகவில்லை. 16661 பகா எண். வேறு எவனாலும் பங்குபோட முடியாத எண். துடுப்பைத் தூக்கிக்கொண்டு கொட்டடியைச் சுற்றிவந்தேன். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. பிளாக் முழுவதும் திட்டினார்கள். திட்டட்டும்.

மார்ச் 18, சனி

விசாரணையில் வாயைத் திறந்தது யார் என்று கொம்பையாவுக்கு இந்த வாரம் தெரிந்துவிட்டது. வார்டர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இன்று வாத்தியாருக்குப் பொட்டு விழும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மாலையில் கொடிக்குப் போனோம். வாத்தியாரின் சட்டையில் ஒன்றுமில்லை. ஓட்டை இருந்தது என் சட்டையில்.

மார்ச் 19, ஞாயிறு

மத்தியானம் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இடம் தாராளமாக இருந்தது.

கொம்பையாவே கொட்டடிக்கு வந்தான். பின்னால் தளவாய், முகம் வெளுத்துப்போய்.

"அண்ணாச்சி, உம்ம சட்டைக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. நான் சொன்னது வேற நம்பர். இந்தப் பய உள்ளங்கையில கரியால எழுதியே கொடுத்தேன்."

"கையில எழுதினதும் கொடியில இருந்ததும் ஒண்ணுதான், அண்ணே. எங்க அம்மை மேல சத்தியம்" என்றான் தளவாய். அவனுக்குப் படிக்கத் தெரியாது. கையில் இருந்த படத்தையும் கொடியில் இருந்த படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான், பாவம்.

கொம்பையா அவனைச் செவிட்டில் ஓர் அறை விட்டான். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான். "வச்சது வச்சதுதான், அண்ணாச்சி. எடுத்தேம்னு வையும், நாளைக்கு ஒரு பயலும் எனக்கு எந்திரிக்க மாட்டான். மன்னிச்சிரும்."

"அதுக்கென்னடே" என்றேன்.

அவர்கள் போனபின் சட்டையைக் கழற்றி, கொடியில் தொங்குவது போலத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். 6 கவிழ்ந்து 9 ஆனது. 1 அப்படியே நின்றது. 19991!

என் எண்ணைத் தலைகீழாக நிறுத்தினால் வாத்தியாரின் எண். ஒரு பகா எண் தலைகீழாக நின்று இன்னோர் எண் ஆகிறது. இப்படி ஒன்று உலகத்தில் உண்டா! சட்டையைத் தூக்கிக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினேன்.

"இதைப் பாருங்க. நீங்கதான் நான், நான்தான் நீங்க. உங்க 19991-ம் பகா எண்ணா? சொல்லுங்க."

வாத்தியார் பார்த்தார். சட்டையைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "வயித்து வலி, அண்ணாச்சி. நாளைக்குப் பாப்போம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டியூசன் நடத்தியவர்களுக்கு ஜெயில் கஞ்சி ஒத்துக்கொள்வதில்லை.

மார்ச் 20, திங்கள்

வாத்தியாருக்கு இன்றும் வயிற்று வலி. பாடம் இல்லை. மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வேன். அதை வார்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு வார்த்தை போதும். கொம்பையாவிடம் போய், சட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருடே என்றால் என் நெஞ்சிலிருந்து பொட்டு இறங்கிவிடும். வாத்தியாரின் வயிற்றுக்குப் போய்விடும்.

நான் போகவில்லை. சாம்பாருக்குப் பூசணிக்காய் வந்திருந்தது, வேலை அதிகம்.

மார்ச் 21, செவ்வாய்

விடிந்ததும் தளவாய் வந்தான். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, திரும்பி நில்லும். முகத்தைப் பாத்தா எனக்குக் கை வராது."

நல்ல பையன்தான். நான் திரும்பினேன், கஞ்சிப் பானையோடு. பானை அவன் இடுப்புக்குக் கீழே சரிந்தது. தோல் வேட்டி மாதிரி கழன்றது. ஸ்பூனை அப்போதும் விடவில்லை, அதற்காக அவனை மெச்ச வேண்டும். துடுப்பால் முழங்கையில் போட்டேன், எலும்பு வெளியே எட்டிப் பார்த்தது. இரண்டாவதாகத் தலைக்கு ஓங்கினேன். பிறகு வேண்டாம் என்று விட்டேன். வயதாகிவிட்டது. ஒரு குத்து என் தோளில் விழுந்திருந்தது, சட்டை நனைந்த பிறகுதான் தெரிந்தது.

கஞ்சியில் வழுக்கி விழுந்தேன் என்று தளவாய் வார்டரிடம் சொன்னான். கண்ணில் புகை, நான் பார்க்கவில்லை என்று நானும் சொன்னேன்.

காலைக் கஞ்சி யாருக்கும் இல்லை. யாரும் கேட்கவுமில்லை.

மார்ச் 22, புதன்

நான் ஒரு மடையன். ரத்தச் சட்டையை ஊறவைத்து, அலசி, கிழமை பார்க்காமல் கொடியில் போட்டுவிட்டேன். தனியாக அது ஒன்று மட்டும், தலைகீழாக. கொம்பையா அந்த வழியாக நடந்துபோனான். நின்றான். தலையை ஒரு பக்கம் சாய்த்தான். பிறகு மறுபக்கம் சாய்த்தான். அவன் எட்டாம் வகுப்பு வரை படித்தவன்.

மார்ச் 23, வியாழன், காலை

கொம்பையா வந்து அடுப்படியில் உட்கார்ந்தான்.

"உமக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"ஏன்வே சொல்லல? அந்த எலிக்குஞ்சு உமக்கு என்ன வேணும்? அவனுக்கும் தெரியும். தெரிஞ்சுகிட்டே உம்ம முதுகுக்குப் பின்னால படுத்துக் கிடக்கான்."

"வயித்து வலிடே அவருக்கு."

கொம்பையா அடுப்பில் துப்பினான். "நாளைக்கு வேன். இன்னைக்குச் சாயங்காலம் அவனை முடிக்கேன்."

"பொட்டு வைக்காமலா? ஒரு பொட்டுக்கு ஒரு அடி. அது முடிஞ்சுபோச்சு. வாத்தியாருக்கு வைக்கணும்னா சனிக்கிழமை வரை பொறு."

"சட்டம் போட்டவன் நான். நானே மாத்திக்கிடுதேன்."

"மாத்தினா எவன்டே நிம்மதியாத் தூங்குவான்? பிளாக் முழுசும் உன்னைப் பாத்து ஸ்பூன் தேய்ப்பான்."

அவன் எழுந்து போய்விட்டான். வாத்தியாரைக் கூட்டிவந்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறேன். கொஞ்சம் வெங்காயம் உரிக்கக் கொடுத்தேன். கண்ணீருக்கு ஒரு காரணம் இருக்கட்டும்.

இனி குழம்பைக் கொதிக்கவைக்க வேண்டும். நன்றாகக் கொதிக்க வேண்டும்.

மார்ச் 30, வியாழன்

இது இடது கை. இன்றுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது. எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கிறது. மன்னிக்கவும்.

வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் நிற்கின்றன. நடுவில் மூன்று இல்லை. கொம்பையா வாளிக் கைப்பிடியைத் தட்டி அரிவாள் போல வளைத்துக் கொண்டுவந்திருந்தான். வாசல் ஒருவர் நுழையும் அகலம்தான், அதை நான் அடைத்துக்கொண்டு நின்றேன். அவன் என் துடுப்பைக் குறிவைத்து வெட்டினான், விரல்கள் போயின. துடுப்பு விழுந்தது. இரண்டு கைகளாலும் அவன் தலையைப் பிடித்துக் குழம்பு அண்டாவில் அமுக்கினேன். மூன்று விரல் இல்லாமலும் தலை வழுக்கவில்லை. அவன் காலால் அடுப்பையே உதைத்துத் தள்ளினான். வார்டர்கள் வந்து என் முதுகில் அடித்தபிறகுதான் விட்டேன். வாத்தியார் மேல் ஒரு சொட்டுக் குழம்புகூடத் தெறிக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் கைதிகள் வார்டில் இருக்கிறேன். காலில் சங்கிலி.

வெள்ளிக்கிழமை வேன் புறப்படும் முன்பு வாத்தியாரை இங்கே கூட்டிவந்தார்கள். வார்டரிடம் கெஞ்சி வந்தாராம். கட்டில் ஓரத்தில் நின்று, "எனக்கு அன்னைக்கே தெரியும், அண்ணாச்சி. சட்டையைக் காட்டினீங்களே, அப்பவே" என்றார்.

"உமக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்க தாங்கினாப் போதும்னு நினைச்சேன். அப்படியே நினைச்சேன்."

"தாங்கிட்டேம்லா. அதை விடும். உம்ம 19991 வகுபடுமா, வகுபடாதா? அதைச் சொல்லிட்டுப் போம்."

அவர் அழுதார். "நான் போட்டே பாக்கலை, அண்ணாச்சி. அந்த நம்பரைப் பாக்கவே பயமா இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. தன் எண்ணைத் தானே போட்டுப் பார்க்காத ஒரு கணக்கு வாத்தியார்! "எது வரைக்கும் போகணும், அதையாவது சொல்லும்" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "139" என்றார். கூட்டிப் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 2, ஞாயிறு

3-இல் மீதி 2. 7-இல் மீதி 6. 11-இல் மீதி 4. இடது கை கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறது.

அடுத்த கட்டிலில் கொம்பையா. முகம் முழுவதும் கட்டு, ஒரு கண் மட்டும் வெளியே. அவனுக்கும் சங்கிலி. இத்தனை நாள் முனகல்தான், இன்று பேசினான்.

"என்ன கிறுக்குதீரு?"

"வகுக்கேன்."

"யாரை?"

"வாத்தியாரை."

"கட்டு அவிழட்டும். உம்ம கழுத்தை அறுத்துத்தான் நான் தூங்குவேன். பொட்டும் கிடையாது, ஒரு மயிரும் கிடையாது."

"சரிடே. பதினேழு ஏழு எவ்வளவு? முந்தி விரல்விட்டு எண்ணுவேன். இப்போ விரல் பத்தல."

நர்ஸ் வந்து எனக்கு ஊசி போட்டுவிட்டுப் போனாள். அவனுக்குக் கட்டு மாற்றினாள். தோலோடு சேர்ந்து துணி வந்தது, அவன் கத்தியதில் ஜன்னல் புறாக்கள் பறந்தன. எல்லாம் அடங்கியபின், கட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நூத்திப் பத்தொன்பது."

எழுதிக்கொண்டேன். கழித்தேன். ஒன்றை இறக்கினேன்.

"மீதி என்னவே வந்துச்சு?"

"பதினாறு."

"போகலையா?"

"போகலை."

கொம்பையா சங்கிலியை இழுத்துக்கொண்டு என் பக்கமாகப் புரண்டு படுத்தான். "ஒண்ணே ஒண்ணுல தப்பிச்சிருக்கான், நாய்ப்பய" என்றான். "அடுத்ததைப் போடும்."